மரை கழண்டது யாருக்கு?



ஒருத்தன் கொஞ்சம் ஏறுக்கு மாறாப் பேசிட்டா "அவனுக்கு மரை கழண்டு போச்சு"ன்னு சொல்றது நம்ம வழக்கம். மெட்ராஸ்ல இருக்குற நீங்களும் சொல்றீங்க, அல்லிநகரத்துல நாங்களும் சொல்றோம். ஆனா மரைன்னா என்னன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. போல்ட்டு மேல வரிவரியாச் சுத்தி ஏறுதுல்ல, அதுதான் மரை. அந்த வரி நசுங்கிப் போனாலோ தேஞ்சு போனாலோ சுத்தச் சுத்த சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பிடிக்கவும் பிடிக்காது, வெளிய வரவும் வராது. இந்தப் பேச்சை முதல்ல கிளப்பிவிட்ட ஆளு ஏதோ ஒரு பட்டறையில ரொம்ப நேரம் கஷ்டப்பட்டவராத்தான் இருக்கணும்.

லாரி இன்ஜின்ல மரை போன போல்ட்டைக் கழட்டுற வேலையப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப் போறேன். தக்காளி போடுறவனுக்கு இதுல என்னய்யா சோலின்னு கேப்பீங்க. எங்க பக்கம் வெளையுற தக்காளி, வாழை, திராட்சை, காய்கறி எல்லாம் வண்டியிலதான் வெளிய போகணும். மேற்க கம்பம், குமுளி வழியாவும் போடிமெட்டு வழியாவும் கேரளாவுக்குப் போகுது. கிழக்க மதுரைக்குப் போகுது. வண்டி ஒரு நாள் நின்னா இரும்புக்கு ஒண்ணும் ஆகாது, பழுத்த தக்காளி காத்திருக்காது. அதனால பட்டறையில என்ன நடக்குதுன்னு எங்களுக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியிருக்கு. சரக்கு வண்டியோட நானும் பல தடவை பட்டறை வாசல்ல உக்காந்திருக்கேன்.

அங்க பாத்து எனக்கு வந்த அபிப்பிராயம் இதுதான். மரை, கழட்டுற அன்னைக்குப் போறதில்ல. பெரும்பாலும் மாட்டுன அன்னைக்கே போயிருது. கழட்டும்போது நமக்குத் தெரிய வருது, அவ்வளவுதான். மாட்டுன அன்னைக்கு ஏன் போச்சுன்னு பாத்தா, முக்காவாசி அவசரம். அந்த அவசரத்தைப் பட்டறைக்குள்ள கொண்டு வந்து கொட்டுறது வெளிய நிக்கிறவங்க. ஆனா பேரு மட்டும் "அந்தப் பயலுக்கு வேலை தெரியாது"ன்னு ஸ்பேனர் பிடிச்சவனுக்கு வருது.

எப்படின்னு சொல்றேன்.

போல்ட்டை இறுக்க இறுக்க நல்லதுன்னு நெறையப் பேர் நெனைக்கிறாங்க. அது தப்பு. போல்ட்டுங்கிறது ஒரு ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளுது. நீண்டது திரும்பச் சுருங்கப் பாக்குது. அந்த இழுப்புதான் ரெண்டு பாகத்தையும் சேத்துப் பிடிக்குது. போல்ட்டுத் தலையில 8.8, 10.9ன்னு எழுதியிருக்கும், பாத்திருப்பீங்க. 8.8ன்னா சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், நம்ம கணக்குல சுமார் 80 கிலோ இழுப்பு வரைக்கும் அறுகாது. பின்னால இருக்குற 8க்கு அர்த்தம், அதுல 80 சதவீதம் வரைக்கும் இழுத்தா விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துரும். அதுக்கு மேல இழுத்தா வராது. மாடு கட்டுற புதுக்கயிறு மாதிரிதான், ஒரு அளவு வரைக்கும் இழுபட்டு நிக்கும், அந்த அளவு தாண்டுனா நைஞ்சு போகும்.

10 மில்லிமீட்டர் கனத்துல இருக்குற 8.8 போல்ட்டுக்கு ஏறத்தாழ 45லருந்து 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரோட நுனியில 20 கிலோ அழுத்தம் கொடுத்தா அந்த அளவு வந்துரும். ஒரு ஆளு லேசாச் சாஞ்சாலே 20 கிலோ வரும். இப்ப அதே ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி ஒரு மீட்டர் நீளம் ஆக்கிட்டா, அதே 20 கிலோ நாலு மடங்கா, 200 நியூட்டன் மீட்டரா இறங்கும். அவ்வளவை அந்தப் போல்ட்டு தாங்காது. மரை உரியும், இல்லாட்டித் தலை முறிஞ்சு கையோட வரும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் மூலையில ஒரு பைப் சாத்தி வச்சிருப்பாங்க. அந்தப் பைப்பை எடுக்கும்போது யாராவது ஒருத்தர் வாசல்ல நின்னு "இன்னும் எவ்வளவு நேரம்"னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க.

இன்னொரு வழியிலயும் மரை போகும். மரைன்னா எல்லாம் ஒரே மரைன்னு நெனச்சிறக் கூடாது. இங்கிலாந்துல விட்வொர்த்துன்னு ஒருத்தர் 1841ல மரைக்கு ஒரு அளவு வகுத்துக் கொடுத்தாரு. வரியோட கோணம் 55 டிகிரி. அமெரிக்காக்காரங்க பின்னால 60 டிகிரின்னு தனியா ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. அரை இஞ்ச் போல்ட்டுல இங்கிலாந்துக் கணக்குக்கு இஞ்சுக்கு 12 வரி, அமெரிக்கக் கணக்குக்கு 13 வரி. கனம் ஒண்ணு, வரிதான் வேற. ரெண்டாவது உலகப் போர்ல ரெண்டு நாட்டு உதிரிப் பாகமும் ஒண்ணுக்கொண்ணு சேராமத் திண்டாடினதுக்கு அப்புறம்தான், அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூணும் 1948ல ஒரு பொது மரைக்கு ஒத்துக்கிட்டாங்க.

அதுக்கும் தேனிக்கும் என்னன்னு கேட்டா, எல்லாம் எங்க பட்டறை டப்பாக்குள்ளதான் வந்து சேந்துச்சு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறுற ஜீப்பு அமெரிக்க வில்லீஸ் வழியில வந்தது. லேலண்டு லாரி இங்கிலாந்து வழி. டாட்டா 1954ல ஜெர்மனி பென்ஸ் கம்பெனியோட சேந்து லாரி செய்ய ஆரம்பிச்சது, அது மில்லிமீட்டர். கழட்டுன போல்ட்டையெல்லாம் ஒரே பெயிண்ட் டப்பாவுல போட்டு வச்சா, அரை இஞ்ச் ஓட்டைக்கு எந்த அரை இஞ்ச் போல்ட்டு கைக்கு வரும்னு சொல்ல முடியாது. வரி மாறின போல்ட்டு கையால ரெண்டு சுத்து போகும், அப்புறம் பிடிக்கும். "சரி, டைட் ஆயிருச்சு"ன்னு ஸ்பேனர் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினா முடிஞ்சது. அந்த வண்டி அன்னைக்கு ஓடும், ஆறு மாசம்கூட ஓடும். அடுத்த தடவை கழட்டுறவன் தலையில அந்தப் பாவம் விடியும்.

இப்ப கழட்டுற கதைக்கு வர்றேன். போன மாசி மாசம் ஒரு 407 வண்டி. தக்காளிப் பெட்டி ஏத்துன பிறகு புகைக்குழாய் பக்கம் 'பட் பட்'னு சத்தம். மேனிஃபோல்டு கேஸ்கட் போயிருந்துச்சு. முதல்ல கொண்டு போன பட்டறையில வண்டிக்காரர் குடுத்த நெருக்கடியில பைப்பைப் போட்டாங்க. அரைமணி நேரத்துல ரெண்டு போல்ட்டு முறிஞ்சது. ஒண்ணு விரல் கனத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, இன்னொண்ணு ஹெட்டோட ஹெட்டா உள்ள நின்னு போச்சு. சரக்கை வேற வண்டிக்கு மாத்தினோம். வாடகை ரெண்டு, ஏத்து இறக்கு கூலி ரெண்டு. விடியக்காலம் போய்ச் சேர வேண்டிய சரக்கு வெயில் ஏறுன பிறகு போச்சு. என்ன வெலைக்குப் போயிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

வண்டியை இன்னொரு பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. அங்க இருந்த மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். பாத்ததும் அவரு ஸ்பேனரைத் தொடவே இல்ல. முறியாம இருந்த மத்த போல்ட்டையெல்லாம் கம்பி பிரஷ்ஷால தேச்சாரு. துருவை எளக்குற எண்ணெய்ய அடிச்சாரு. "சாயந்தரம் வாங்க"ன்னு சொல்லிட்டு வேற வேலை பாக்கப் போயிட்டாரு. வண்டிக்காரருக்குக் கோவம். "என்னண்ணே, எண்ணெய்ய ஊத்திட்டுச் சும்மா விட்டுட்டீங்க?" அண்ணன் சொன்னாரு, "சும்மா விடலப்பா. வேலை நடந்துக்கிட்டு இருக்கு."

நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. இரும்பு துருவானா அது இடத்தை அதிகமா அடைக்கும். மரைக்கும் ஓட்டைக்கும் நடுவுல அந்தத் துரு உப்பி ஆப்பு மாதிரி நிக்குது. அதுல எண்ணெய் எறங்க நேரம் வேணும். அப்பப்ப போல்ட்டுத் தலையில சுத்தியலால சின்னத் தட்டு. ஓங்கி அடிக்கிற அடி இல்ல, கதவைத் தட்டுற மாதிரி. துரு அதுல விரிசல் விடும், எண்ணெய் இன்னும் உள்ள போகும்.

சாயந்தரம் அடுப்பு வேலை. டீசல் குழாயை முதல்ல கழட்டி ஓரமா வச்சுட்டு, தீயணைக்க மணல் வாளி பக்கத்துல வச்சுட்டுத்தான் கேஸ் தீயைப் பத்த வச்சாரு. போல்ட்டைச் சுத்தியிருக்குற ஹெட்டைச் சூடு பண்ணாரு. சூட்டுல ஓட்டை விரியும். நம்ம மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி இரும்புப் பட்டா போடுறதும் இதே வித்தைதான். பட்டாவைச் சுத்தி எருவாட்டி அடுக்கித் தீ வைப்பாங்க. பட்டா செவந்து விரிஞ்சதும் சக்கரத்துல மாட்டித் தண்ணி ஊத்துவாங்க, சுருங்கிப் பிடிச்சிரும். ஆசாரி பிடிக்க வைக்கிறதுக்குச் செஞ்சதை இவரு விட வைக்கிறதுக்குச் செய்றாரு.

அப்புறம் ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனரை எடுத்தாரு. பன்னெண்டு பட்டை ஸ்பேனர் தலையோட மூலையை மட்டும் பிடிக்கும், பழைய போல்ட்டுன்னா உருட்டி விட்டுரும். ஆறு பட்டை பக்கவாட்டைப் பிடிக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி இறுக்குற பக்கமா ஒரு நூல் அளவு திருப்பினாரு. 'க்ரிச்'சுன்னு ஒரு சத்தம். துரு விட்டுருச்சுன்னு அர்த்தம். பெறகு கால் சுத்து வெளிய, அரைக்கால் சுத்து உள்ள, எண்ணெய், மறுபடி வெளிய. ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒண்ணுகூட முறியல.

வெளிய நீட்டிக்கிட்டு இருந்த மொண்டிப் போல்ட்டுக்கு, பேட்டரி வயரைக் கழட்டி வச்சுட்டு, அது மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் வச்சாரு. ஆற விட்டாரு. வெல்டிங் சூட்டுல போல்ட்டு விரிஞ்சு, ஆறும்போது சுருங்கி, துருவோட பிடி தன்னால உடையும். ஸ்பேனர் போட்டதும் அது வெண்ணெய்யா வந்துச்சு. உள்ள நின்னது மட்டும் மறுநாள் காலையில. சரி நடுவுல பஞ்ச் வச்சு, சின்ன ட்ரில், அப்புறம் கொஞ்சம் பெரிசு, அப்புறம் இன்னும் கொஞ்சம் பெரிசு. போல்ட்டோட ஓடு மட்டும் மிஞ்சினதும் அதை ஊசி உளியால மடக்கி எடுத்து, ஓட்டைக்கு டேப் ஓட்டி மரையச் சுத்தம் பண்ணாரு. ஓட்டைக்குள்ள சொருகி இடப்பக்கமாத் திருப்பி எடுக்குற எக்ஸ்ட்ராக்டர் அவர்கிட்ட இருந்துச்சு. ஏண்ணே அதைப் போடலன்னு கேட்டேன். "அது போல்ட்டை விட கெட்டியான இரும்பு. உள்ள முறிஞ்சா ட்ரில்லும் எறங்காது. அப்புறம் ஹெட்டைத்தான் கழட்டணும்"னாரு.

மொத்தம் 1,800 ரூபாய் கேட்டாரு. வண்டிக்காரர் சொன்ன வார்த்தை இன்னும் காதுல இருக்கு. "ரெண்டு போல்ட்டைக் கழட்ட ஆயிரத்து எட்நூறா?"

என் கோவமே இந்தக் கேள்வி மேலதான். பைப்பைப் போட்டு அரைமணி நேரத்துல ரெண்டை முறிச்ச இடத்துல ஒருத்தரும் வேகம் பத்திக் கொறை சொல்லல. ஒண்ணையும் முறிக்காம ஒரு ராத்திரி காத்திருந்தவர்கிட்ட கணக்குக் கேக்குறாங்க. ஸ்பேனர் சுத்துற நேரத்துக்கு மட்டும்தான் கூலி, காத்திருக்குற நேரத்துக்குக் கிடையாதுன்னா, எந்த மெக்கானிக் காத்திருப்பான்? எந்தப் பையன் அதைக் கத்துக்குவான்? பைப்புக்குத்தான் காசுன்னு நாம சொல்லிக் குடுத்தா, அவன் பைப்பைத்தான் எடுப்பான். ஹெட்டு கெட்டுப் போனா எத்தனை ஆயிரம்னு விசாரிச்சுப் பாத்தா அந்த 1,800 ஒண்ணுமே இல்லன்னு தெரியும்.

பையனோட கையையும் பாக்கணும். ஸ்பேனர் வழுக்கினா விரல் மொழி இரும்புல அடிபட்டுச் சதை பேந்துரும். கிரைண்டர் பொறி கண்ணுக்குப் போகும். நூறு ரூபாய்க்குள்ள கண்ணாடி கெடைக்குது, நெறைய இடத்துல அதுகூட இல்ல. அவசரத்துல முதல்ல விட்டுப் போறது இதுதான்.

எல்லாத் தப்பும் வண்டிக்காரங்க மேலதானான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். அவங்களும் தவணை கட்டணும், மார்க்கெட்டு நேரம் அவங்க கையில இல்ல. பட்டறைப் பக்கமும் கொறை இருக்கு. டார்க் ரெஞ்சு வாங்கி வச்சிருந்தும் தூசி படிய ஆணியில தொங்க விடுறவங்களைப் பாத்திருக்கேன். ஆனா இன்னொரு பெரிய காரணத்தைப் பத்தி யாரும் பேசுறதில்ல. எந்தப் போல்ட்டுக்கு எத்தனை முறுக்குங்கிற கணக்கே ரோட்டோரப் பட்டறைக்கு வந்து சேர்றதில்ல.

பழைய இன்ஜின்ல அனுபவம் கை குடுத்துச்சு. ஹெட்டை மாட்டும்போது நடுவுலருந்து வெளிய, கழட்டும்போது வெளியிலருந்து நடுவுக்கு, அதுவும் ஒரே மூச்சுல இல்லாம நாலஞ்சு சுத்துல. இதை அப்பன்கிட்டயோ அண்ணன்கிட்டயோ கத்துக்கிட்டாங்க. இப்ப வர்ற இன்ஜின் பலதுல ஹெட் போல்ட்டை இத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதுக்கு மேல இத்தனை டிகிரி திருப்புன்னு கணக்கு. அந்தப் போல்ட்டு வேணும்னே நீள விடுறது. சிலதை ஒரு தடவை கழட்டினா மறுபடி போடக் கூடாது, புதுசுதான் போடணும். எது அந்த ரகம்னு கம்பெனிப் புத்தகத்துல இங்கிலீஷ்ல இருக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு புகைக்குழாய் பக்கம் சாமான் இன்னும் கூடிப் போச்சு. புத்தகம் பாக்காத பையன் அந்தப் போல்ட்டைத் துடைச்சுத் திரும்ப மாட்டினா, அது அவன் குத்தமா?

2022 ஜூலையில ஒன்றிய அரசோட நுகர்வோர் நலத்துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டாங்க. அவங்க எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு, மோட்டார் வாகனமும் ஒண்ணு. அந்த வருசம் டிசம்பர் 24ந் தேதி, நுகர்வோர் தினத்தன்னைக்கு, ஒரு இணையதளமும் திறந்தாங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023ல விவசாயிகளுக்குன்னு சட்டமே போட்டுருச்சு. டிராக்டர் கம்பெனி, ரிப்பேர் புத்தகத்தையும் கருவியையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் குடுத்தே ஆகணும்னு சொல்ற சட்டம், 2024 ஜனவரி 1லருந்து நடப்புல இருக்கு. இதெல்லாம் நல்ல விசயம். ஆனா இணையதளம் ஒரு பக்கம் இருக்க, நான் உக்காந்த பட்டறை எதுலயும் தமிழ்ல அச்சடிச்ச ஒரு முறுக்கு அட்டவணையை நான் பாத்ததில்ல.

பெரிசா ஒண்ணும் கேக்கல. டயருக்கு எத்தனை காத்துன்னு வண்டியில ஒட்டியிருக்காங்கல்ல, அதே மாதிரி முக்கியமான இருவது போல்ட்டுக்கு எத்தனை முறுக்கு, எதைத் திரும்பப் போடக் கூடாதுன்னு தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் அடிச்சு கதவுக்குள்ள ஒட்டுங்க. ஐ.டி.ஐ.யில டீசல் மெக்கானிக் படிப்பு ஒரு வருசம். அதைப் படிக்க முடியாம நேரா பட்டறைக்கு வந்த பையன்தான் எங்க வண்டிக்கெல்லாம் வைத்தியன். அவன் கண்ணுக்கு எட்டுற இடத்துல அந்தக் கணக்கு இருக்கணும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு லாரி இருக்காது, பைக் இருக்கும். அடியில ஆயில் எறக்குற போல்ட்டு ஒண்ணு இருக்கும். போல்ட்டு இரும்பு, அது மாட்டுற இடம் அலுமினியம். அலுமினியம் மெத்து, முதல்ல உரியுறது அந்த மரைதான். அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது போனைப் பாக்காமப் பக்கத்துல நில்லுங்க. முதல் நாலு சுத்து கையால போகுதான்னு பாருங்க. புது வாஷர் போடச் சொல்லுங்க, அதுக்குக் காசு குடுங்க. "சீக்கிரம்பா"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பையன் பத்து நிமிசம் கூட எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்.

அந்த 407 வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வண்டிக்காரர் கடைசியில 1,500 குடுத்தாரு. மிச்சம் 300 பாக்கி. போற வர்ற போதெல்லாம் நான் ஞாபகப்படுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.